மரண நேரம் சொல்லும் புழுக்கள்

புது தில்லி: கொலை நடந்த நேரம் உறுதியானால்தான் பல வழக்குகளில் குற்றவாளி சிக்குவான், நிரபராதி தப்புவார். உடலின் சூடு, விறைப்பு ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர்கள் கணிக்கும் மரண நேரம் சுமார் 3 நாள்களுக்குப் பின் பயன்படுவதில்லை. அதன் பிறகு சாட்சி சொல்பவை ஈக்களே.

நீலமும் பச்சையுமாகப் பளபளக்கும் ஒருவகை ஈக்கள், திறந்தவெளியில் பகல் நேரமெனில் சில மணி நேரத்துக்குள் சடலத்தை நாடி வந்து கண், மூக்கு, வாய், காயங்களில் முட்டையிடுகின்றன. முட்டை புழுவாகி, இருமுறை தோலுரித்து, கூட்டுப்புழுவாகி, ஈயாகிறது. சடலத்தில் மிகவும் வளர்ந்த புழுவின் வயதைக் கணக்கிட்டால், மரணம் நேர்ந்து குறைந்தபட்சம் எத்தனை நாள்கள் ஆயின என்பது புலப்படும்.

இந்தக் கடிகாரத்தை ஓட்டுவது வெப்பம். தில்லியின் மே மாத வெயிலில் சில நாள்களில் எட்டும் வளர்ச்சிக்கு ஜனவரிக் குளிரில் மேலும் பல நாள்கள் தேவை. எனவே, சம்பவ இடத்தின் வெப்பநிலை தெரியாமல் புழுவின் வயதைக் கூற இயலாது.

2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குச் செல்வதைக் கட்டாயமாக்குகிறது. இதை நடைமுறைப்படுத்தும் தேதியை அறிவிக்க மாநில அரசுகளுக்கு 5 ஆண்டு அவகாசம் தரப்பட்டுள்ளது.

நிபுணர் வந்தால் மட்டும் போதாது. புழுக்களைச் சேகரித்து, வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளாமல் சடலத்தை அனுப்பிவிட்டால், பிணவறையில் கழுவும் நீரோடு சாட்சியமும் போய்விடும்.