கனடாவில் எந்த ஊர்? அதைக் கடைசியில் கேளுங்கள்

வால்பாறை எஸ்டேட்டுகளில் வேலைதான் வீட்டைக் கொடுக்கும். எஸ்டேட்டில் பேர் இருக்கும்வரை லைன் வீட்டில் குடியிருக்கலாம். ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்துவிட்டு மலையிறங்க வேண்டியதுதான். அந்த வீடுகளில் பிறந்து, பொள்ளாச்சியிலும் கோவையிலும் படித்து, இன்று லேப்டாப்பில் சம்பாதிக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டு இல்லை. வேலை அவர்கள் போகும் இடமெல்லாம் கூடவே வரும். கனடா போக நினைக்கும் அவர்களில் பலர், “டொராண்டோவா, வான்கூவரா? எங்கே வாடகை கம்மி?” என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். ஊருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை நான்கு இருக்கின்றன: விசா, கடிகாரம், மாகாணம், குளிர்.

முதலில் விசா. இந்திய நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறவர் பார்வையாளராகக் கனடா போய், பொதுவாக ஆறு மாதம்வரை அங்கிருந்தே அந்த வேலையைத் தொடரலாம். அதற்குத் தனியாக வேலை அனுமதி தேவையில்லை. பார்வையாளர் விசா போதும். ஆனால் அந்த மாதங்கள் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பத்தில் கனடிய அனுபவமாகக் கணக்கில் வராது. நிரந்தரமாகக் குடியேற விரும்பினால் 2015-இல் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற விண்ணப்ப முறை ஒரு வழி. ஏதாவது ஒரு மாகாணத்தின் நியமனம் பெறுவது இன்னொரு வழி. மாகாணம் நியமித்தால், அங்கேயே குடியிருக்கும் எண்ணம் உண்மையிலேயே உங்களுக்கு இருக்க வேண்டும். கியூபெக் தனக்கு வேண்டியவர்களைத் தானே தேர்ந்தெடுக்கிறது. அங்கே பிரெஞ்சு முக்கியம். ஆக, எந்த வழியில் போகிறீர்கள் என்பதே எங்கே வாழப் போகிறீர்கள் என்பதில் பாதியை முடிவு செய்துவிடும். இன்னொன்று: கனடாவில் இருந்து வேலை பார்க்க உங்கள் நிறுவனம் சம்மதிக்கிறதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேலாளர் வாய்வார்த்தையாகச் சொன்ன சரி, சம்பளம் போடும் பிரிவில் செல்லாமல் போகலாம்.

அடுத்தது கடிகாரம். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவருக்கு இதுதான் வாடகையைவிடப் பெரிய விஷயம். கனடாவில் ஆறு நேர மண்டலங்கள் உண்டு. குளிர்காலத்தில் நம் நேரத்துக்கும் டொராண்டோவுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம்; ஹாலிஃபாக்ஸுக்கு ஒன்பதரை, செயின்ட் ஜான்ஸுக்கு ஒன்பது, வான்கூவருக்கு இவை எல்லாவற்றையும்விட அதிகம். கோவை அலுவலகத்தில் மதியம் 2 மணிக்குத் தொடங்கும் ஷிஃப்ட் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். செயின்ட் ஜான்ஸில் இருந்தால் காலை 5 மணிக்கு உட்கார்ந்து மதியம் 2 மணிக்கு எழுந்துவிடலாம். டொராண்டோவில் அதிகாலை மூன்றரைக்கே உட்கார வேண்டும். வான்கூவரில் நள்ளிரவு தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே வேலை தொடங்கிவிடும். அதுவே உங்கள் வாடிக்கையாளர் கலிபோர்னியாவில் இருந்தால் கணக்கு தலைகீழ், வான்கூவர்தான் வசதி. மாதாமாதம் கொஞ்சம் வாடகை மிச்சம் பிடித்து, வருஷக்கணக்கில் தூக்கத்தைத் தொலைப்பது நல்ல பேரம் அல்ல.

மூன்றாவது மாகாணம். கனடாவில் வருமான வரியை மத்திய அரசும் வாங்கும், மாகாணமும் வாங்கும். டிசம்பர் 31 அன்று எந்த மாகாணத்தில் வசிக்கிறீர்களோ, பொதுவாக அந்த மாகாணத்தின் விகிதமே அந்த ஆண்டு முழுமைக்கும் பொருந்தும். கியூபெக்கில் மாகாணத்துக்கென்று தனியாக இன்னொரு வரிக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். கடையில் பொருள் வாங்கினால் ஆல்பர்ட்டாவில் 5 சதவீத வரி; ஒன்டாரியோவில் 13 சதவீதம். சம்பளம் இந்தியாவில் வரவாவதால் கனடாவில் வரி இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அங்கே வசிப்பவராகிவிட்டால் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அது ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை முழுவரி கட்டாமல் காக்கும், கணக்குக் காட்டுவதில் இருந்து காக்காது.

மருத்துவமும் மாகாணத்தின் கையில்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மீதி நாட்களும் அடுத்த இரண்டு மாதங்களும் காத்திருந்த பிறகே அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்கும். ஒன்டாரியோ அந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020-இல் நீக்கிவிட்டது. கைக்குழந்தையோடு போகும் குடும்பத்துக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. வாடகைச் சட்டமும் இப்படித்தான். ஒன்டாரியோவில் கடைசி மாத வாடகையை மட்டுமே முன்கூட்டி வாங்கலாம். நம் ஊரைப் போலப் பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் அது சட்டப்படி செல்லாது. 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு அங்கே வாடகை உயர்வு உச்சவரம்பு பொருந்தாது. பளபளப்பான புதுக் கட்டடத்தில் குறைந்த வாடகையைப் பார்த்து மயங்குவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

நான்காவது குளிர். வால்பாறைக் குளிரைப் பார்த்தவர்கள் என்ற தெம்பில் போகாதீர்கள். வின்னிபெக்கில் ஜனவரியில் சராசரியே உறைநிலைக்குப் பதினைந்து டிகிரிக்குக் கீழ். அதைவிடக் கடினமானது வெளிச்சம். டிசம்பரில் எட்மன்டனில் பகல் சுமார் ஏழரை மணி நேரம்தான். இந்திய நேரத்தில் இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கினால், வாரக்கணக்கில் சூரியனையே பார்க்காமல் போகும். அலுவலகம் போகிறவருக்கு நாலு முகமாவது கண்ணில் படும். வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு அதுவும் இல்லை. அதனால்தான் மனிதர்களையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன். டொராண்டோ வட்டாரத்தின் ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பகுதிகளில், 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு பெருமளவில் வந்த ஈழத் தமிழர்கள் கடைகளையும் கோயில்களையும் தமிழ்ப் பள்ளிகளையும் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். வாடகை அதிகம் என்றாலும், தனியாகப் போகிறவருக்கு முதல் குளிர்காலத்தில் அந்தத் துணைக்கு மதிப்பு உண்டு.

இந்த நான்கையும் பார்த்து முடித்தால் கையில் இரண்டு மூன்று ஊர்கள்தான் மிஞ்சும். அப்போது வாடகையை ஒப்பிடுங்கள். கூடவே இணையத்தையும் பாருங்கள். நகரத்தைத் தாண்டினால் இணைய வேகம் தெருவுக்குத் தெரு மாறும். ஊர்ப் பெயரை வைத்து அல்ல, வீட்டு முகவரியை வைத்துச் சேவை நிறுவனத்திடம் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த மலைக்கு நம் முன்னோர் பலர் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, அவர் சொன்னதை மட்டும் நம்பி ஏறினார்கள். இங்கே மருத்துவராகப் பணிபுரிந்த பி.எச். டேனியல் அந்த வாழ்க்கையை 1969-இல் ‘ரெட் டீ’ என்ற நாவலாக எழுதினார். அவர்களுக்கு விசாரிக்க வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது. ஏஜென்ட் யாருக்கும் பணம் கட்டுவதற்கு முன், கனடாவில் குடியேற்ற ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் பொதுப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கனடா அரசின் குடியேற்றத் துறைத் தளத்தை நீங்களே படியுங்கள். வீடு வாங்கும் முடிவை மட்டும் ஒரு முழுக் குளிர்காலம் அங்கே இருந்து பார்த்த பிறகு எடுங்கள்.