ஒரு புள்ளிக்கு ஒரு டேப்

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெரிய ஆலை அனுப்பும் பாகப் பட்டியல், அதாவது பி.ஓ.எம்., வெறும் டெக்ஸ்ட் கோப்பாக வருகிறதாம். 1, 1.1, 1.1.1 என்று எண்கள் உண்டு. ஆனால் எல்லா வரிகளும் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கின்றன. எது எதற்குள் அடக்கம் என்பது கண்ணுக்குத் தெரிய, புதிதாகச் சேர்ந்த டிப்ளமா பையன் வரிவரியாக டேப் தட்டுகிறான். வேறு வழி உண்டா என்று கேட்கிறார்.

உண்டு. 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் புறப்பட்ட ஊர் ஓசூர். லேலண்ட் லாரியும் டைட்டன் வாட்சும் பிறக்கிற ஊர். லாரியோ வாட்சோ, அதன் பட்டியல் ஒன்றுக்குள் ஒன்றாகத்தான் அடங்கும். அந்த அடுக்கை எண்ணிலுள்ள புள்ளிகளே சொல்லிவிடுகின்றன. ஒரு புள்ளிக்கு ஒரு டேப், அவ்வளவுதான் வேலை.

இதற்கு உதவுவது ரெகுலர் எக்ஸ்பிரஷன். குறிப்பிட்ட சொல்லைத் தேடாமல், 'வரித் தொடக்கத்தில் எண், புள்ளி, எண்' என்ற வடிவத்தையே தேடச் சொல்லும் முறை. நரம்பு வலைகளின் நடத்தையை விவரிக்க ஸ்டீபன் கிளேனி 1950-களில் வகுத்த கணிதம் இது. கென் தாம்ப்சன் 1968-ல் அதை எழுத்துத் தேடலுக்குக் கொண்டுவந்தார். விண்டோஸின் சாதாரண நோட்பேடில் இந்த வசதி கிடையாது. இலவசமாகக் கிடைக்கும் நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் உண்டு.

பலரும் ஆழமான அடுக்கிலிருந்து தொடங்குவார்கள்: நான்கு எண் வரிக்கு மூன்று டேப், பிறகு மூன்று எண் வரிக்கு இரண்டு என்று. வரிசை மாறினால் எல்லாம் குழம்பும். எனக்குப் பிடித்தது வேறொன்று. பள்ளியில் எங்கள் டிரில் வாத்தியார் மைதானத்தைச் சுற்ற விட்டு, "ஒரு சுற்றாவது முடித்தவர்கள் ஓரடி முன்னே வாருங்கள்" என்பார், அடுத்து, "இரண்டு சுற்றாவது முடித்தவர்கள் இன்னும் ஓரடி." யார் எத்தனை சுற்று என்று அவர் தனித்தனியாகக் கேட்டதேயில்லை. இங்கேயும் அப்படித்தான். ஒரு புள்ளியாவது உள்ள வரிக்கு ஒரு டேப் என்பது முதல் விதி. இரண்டு புள்ளியாவது இருந்தால் இன்னொரு டேப். மூன்று புள்ளியாவது இருந்தால் மேலும் ஒன்று. 1.1.1.1 என்ற வரி மூன்று விதிகளிலும் சிக்கி, தானாக மூன்று டேப் தள்ளிப் போய் நிற்கும். ஒவ்வொரு விதியும் எண்ணுக்கு முன்னால் வெற்றிடம் இருந்தாலும் ஏற்க வேண்டும். அப்படி எழுதிவிட்டால் விதிகளை எந்த வரிசையில் ஓட்டினாலும் விடை ஒன்றே!

ஒரு சிக்கல்: இதே கட்டளையை மறுநாள் மறுபடி ஓட்டினால் டேப்புகள் இரட்டிப்பாகும். ஆகவே எல்லாவற்றுக்கும் முன், வரித் தொடக்கத்து வெற்றிடத்தை முழுக்க அழிக்கும் விதி ஒன்று வேண்டும். அதன்பின் எத்தனை முறை ஓட்டினாலும் பட்டியல் கலையாது. அழிப்பதில் தொடங்குவதுதான் இதன் அழகு. இவற்றை ஒரு மேக்ரோவாகப் பதிந்துவிட்டால், அடுத்த பட்டியலுக்கு ஒரு பொத்தான் போதும்.

புள்ளியில் கவனம் தேவை. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் வெறும் புள்ளி 'ஏதேனும் ஓர் எழுத்து' என்று பொருள்படும். அதன் முன் ஒரு பின்சாய்கோடு (\) போடாவிட்டால், முதல் அடுக்கிலுள்ள 101 என்ற எண்ணும் 'எண், ஏதோ ஒன்று, எண்' என்று பொருந்தி உள்ளே தள்ளப்பட்டுவிடும். பட்டறையில் அது எவருடைய கண்ணிலும் படாமல் போனால், தனியாக வாங்க வேண்டிய பாகம் வேறொன்றின் உறுப்பாகிவிடும்.

அந்தப் பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணினியை மேசையில் வைத்துவிட்டு, அது செய்ய வேண்டியதை அவன் விரல்களிடம் வாங்குவது எனக்கு வருத்தமளிக்கிறது. டிரில்லிங் மெஷினில் ஜிக் போட்டுக்கொடுக்காமல் ஒவ்வொரு துளையையும் அளந்து போடு என்று எந்த சூப்பர்வைசரும் சொல்ல மாட்டார். எழுத்துக் கோப்புக்கும் ஜிக் உண்டு என்று அவனுக்கு யாராவது கற்றுக்கொடுங்கள்; ஒரு பிற்பகல் போதும்.

ஓட்டுமுன் அசல் கோப்பை நகலெடுத்து வையுங்கள். '1.5 மி.மீ. வாஷர்' என்று அளவிலேயே தொடங்கும் வரிகளை இந்த விதிகள் இரண்டாம் அடுக்கு என்றே நம்பும். எண்ணுக்குப் பின் 'மி.மீ.' வரும் வரிகளை முதலில் தேடிப் பார்த்து, அவற்றுக்கு உரிய வரிசை எண்ணைக் கையால் போட்டுவிட்டு மேக்ரோவை அழுத்தலாம்.