படிப்பு மேசைக்கு ஒரு கடிகார வானொலி



கேட்டல் கருத்தறிதல் தேர்வில் ஒலிப்பதிவை நாம் விரும்பிய இடத்தில் நிறுத்த முடியாது. வானொலியும் அப்படித்தான். அதனால்தான் சிங்கப்பூர் மாணவர்களிடம் தினமும் ஒலி 96.8 செய்தியைக் கேளுங்கள் என்கிறோம். "ஃபோன்லயே கேட்கலாமே" என்பீர்கள். கேட்கலாம்; ஆனா, செய்தி முடிவதற்குள் விரல் வேறெங்கோ போய்விடும். மேசைமேல் ஒரு சிறிய கடிகார வானொலி இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்.

1. அலைவரிசை: இங்கே டிஏபி ஒலிபரப்பு 2011இல் நின்றுவிட்டது. எஃப்எம் கட்டாயம் வேண்டும். நிலையத்தைப் பதிந்துவைக்கும் பொத்தான் இருந்தால் 96.8ஐத் தினமும் தேட வேண்டியதில்லை.

2. ஒலி: கடையில் பாட்டை வைத்து முடிவு செய்யாதீங்க, பேச்சைக் கேளுங்கள். ஒலியைக் குறைத்து வைத்தாலும் ல, ள, ழ வேறுபாடு தெரிய வேண்டும்.

3. மின்சாரம்: நம் வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்னோட்டத்தை வைத்தே நேரம் கணிக்கும் கடிகாரம் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டதாக இருந்தால், இங்கே மணிக்கு 10 நிமிடம் பின்தங்கும். மின்சாரம் தடைபட்டாலும் நேரத்தைக் காக்க மாற்று பேட்டரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

4. அலாரம்: மணியோசைக்குப் பதில் வானொலியே ஒலித்து எழுப்பும் வசதி நல்லது. எண்களின் வெளிச்சத்தைக் குறைக்க முடிந்தால் தூக்கமும் கெடாது.

ஆசிரியர்களே, மறுநாள் வகுப்பில் மூன்றே கேள்வி கேளுங்கள்: யார்? எங்கே? எப்போது? வானொலி வாங்கியதன் பயன் அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.