பயிரின் தாகத்தைக் காட்டும் இரட்டைப் படம்

பூதலூர் வட்டாரத்தில் ஒரே வாய்க்காலில் பாயும் வயல்களிலும் மேட்டு வயல் முதலில் காயும். பள்ள வயலில் தண்ணீர் நிற்கும். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் எந்த மடையை முதலில் திறப்பது என்பதுதான் கேள்வி. இலை சுருண்ட பிறகு விடை தெரிந்து பயனில்லை. சூல் கட்டும் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் பயிர் வாடினால் பதர் கூடும், மகசூல் குறையும். வாட்டத்தை முன்கூட்டியே காட்டும் கருவி என்று தெர்மல் கேமரா பொருத்திய ட்ரோனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதற்குப் பணம் கொடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இலை ஏன் சூடாகிறது?

பயிர் இலைத்துளைகள் வழியாக நீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. மண் பானையில் தண்ணீர் குளிர்வது போலத்தான். வேருக்கு நீர் குறைந்தால் பயிர் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், இலை சூடாகும். கண்ணுக்கு வாட்டம் தெரிவதற்கு முன்பே இந்தச் சூடு தெர்மல் படத்தில் தெரியும்.

ஆனால் அந்தப் படத்தில் தெரிவது சூடு மட்டுமே. நடவு முடிந்து பயிர் இன்னும் மூடாத வயலில், வெயிலில் காய்ந்த மண்ணும் சூடாகத் தெரியும், வரப்பும் அப்படியே. சூடாக இருப்பது இலையா, மண்ணா என்று சொல்வது வண்ணப்படம். ஆகவே இரண்டு படங்களும் புள்ளிக்குப் புள்ளி பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வரப்பின் சூடு பயிரின் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஒரே லென்ஸ் போதாதா?

இலையிலிருந்து வரும் வெப்பக்கதிர் சாதாரணக் கண்ணாடி லென்ஸ் வழியாகப் போகாது. அதனால் தெர்மல் கேமராக்களில் பெரும்பாலும் ஜெர்மானியம் லென்ஸ் இருக்கும். அதன் வழியாகக் கண்ணுக்குத் தெரியும் ஒளி போகாது. எனவே பெரும்பாலான ட்ரோன்களில் இரண்டு லென்ஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்தால் விரல் இடம் மாறித் தெரிவது போல, இரண்டு படங்களும் சற்று விலகியிருக்கும்.

இதற்கு ஒரு வழி, இரண்டு கதிர்களையும் ஒரே வாசல் வழியாக உள்ளே விடுவது. உலோகப் பூச்சுள்ள வளைந்த ஆடி இரண்டையும் ஒருசேரக் குவிக்கும். பிறகு ஒரு பிரிப்பான் தகடு ஒளியை ஒரு பக்கமும் வெப்பக்கதிரை மறுபக்கமும் அனுப்பும். 2013இல் ஏவப்பட்ட நமது இன்சாட்-3டி வானிலைச் செயற்கைக்கோளின் படக்கருவி இந்த வகைதான். 1999இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் லேண்ட்சாட்-7ம் ஒரே தொலைநோக்கி வழியாக வண்ணத்தையும் வெப்பத்தையும் பதிவு செய்தது. ஆனால் 2013இல் வந்த லேண்ட்சாட்-8இல் இவற்றைத் தனித்தனிக் கருவிகளாக்கிவிட்டார்கள். தொலைவிலிருந்து எடுத்த படங்களைக் கணினியில் பொருத்திவிட முடியும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

உங்களுக்கு எது தேவை?

50, 60 மீட்டர் உயரத்தில் பறக்கும் ட்ரோனுக்கு, லென்ஸ்களுக்கு இடையிலுள்ள சில செ.மீ. இடைவெளி பெரிய குறையல்ல. ஒரே வாசல் கொண்ட விலை கூடிய கருவி தேவையில்லை. படங்களைச் சரியாகப் பொருத்தித் தந்தால் போதும். கையில் பிடித்து இலையருகே எடுக்கும்போதும், தென்னை, வாழை போல உயரம் மாறும் பயிர்களிலும்தான் விலகல் தொல்லை தரும்.

படம் எடுக்க வருபவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

• வரப்பு மூலைகளில் பளபளப்பான அலுமினியத் தகடுகளை வையுங்கள். தெளிந்த வானத்தின் கீழ் அவை தெர்மல் படத்தில் குளிர்ந்த புள்ளிகளாகத் தெரியும். வண்ணப்படத்திலும் அதே இடத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள்.

• மேகமும் பலத்த காற்றும் இல்லாத நாளில், காலை 11 மணி முதல் 2 மணிக்குள் எடுக்கச் சொல்லுங்கள். மழையில் இலை நனைந்திருந்தால் வேண்டாம்.

• நன்றாகத் தண்ணீர் பாய்ந்த ஒரு வயலையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதோடு ஒப்பிட்டால்தான் மற்றதன் சூடு புரியும்.

• தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால், உங்கள் ஊர் எந்த வான் மண்டலத்தில் வருகிறது என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பறக்கவிடச் சொல்லுங்கள்.

சூடான இடமெல்லாம் தண்ணீர் கேட்கும் இடம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புகையான் தாக்கினாலும் வேர் அழுகினாலும் இலை சூடாகும். அந்த இடத்துக்குப் போய்த் தூரை விலக்கிப் பாருங்கள். புகையான் இருக்கும் வயலில் தண்ணீரை வடிக்க வேண்டும். படத்தை நம்பி மடையைத் திறந்தால் சேதம் கூடும்.

விரிவாக்க அலுவலர்கள் லேண்ட்சாட் படங்களை இலவசமாகப் பெறலாம். அதன் வெப்பப்படத்தில் ஒரு புள்ளி சுமார் இரண்டரை ஏக்கர். தனி வயலுக்கு உதவாது; ஒரு வாய்க்காலின் தலைமடையையும் கடைமடையையும் ஒப்பிட உதவும். வடகிழக்குப் பருவமழை மேகம் மறைக்கும் சம்பா நாட்களில் அதை நம்பி இருக்க முடியாது.

ட்ரோன் கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் தண்ணீர் கட்டினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். பல ஏக்கரை ஒரே பார்வையில் பார்க்க வேண்டிய உழவர் குழுவுக்கே கேமரா கூடுதல் உதவி. குழுவாகச் சேர்ந்து வாடகைக்கு எடுத்தால், முறைத் தண்ணீர் வருவதற்கு முதல் நாள் எடுங்கள். மறுநாள் எந்த மடை முதலில் என்று பேசி முடிவு செய்ய அந்தப் படம் கையில் இருக்கும்.