திறனுக்கு மதிப்பா, சான்றிதழுக்கு மதிப்பா?

கொத்து வேலையிலோ கம்பி கட்டுவதிலோ இருபது ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர், பத்தாம் வகுப்பில் தேறவில்லை என்றால், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ்த் தனிப்பிரிவில் வைக்கப்படுகிறார். சவூதி அரேபியா, கத்தார், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவர் அரசின் முன் அனுமதி பெற வேண்டும். பட்டம் பெற்ற பொறியாளருக்கு இந்த நிபந்தனை இல்லை. சட்டத்தில் சாதி என்ற சொல் கிடையாது. ஆனால், தலைமுறை தலைமுறையாகப் பள்ளி மறுக்கப்பட்ட சமூகத்தில், சான்றிதழ் இல்லாமை தற்செயலானது அன்று.

மறுமுனையில் அமெரிக்காவின் எச்-1பி விசா இருக்கிறது. ஆண்டுக்கு 65,000 இடங்களும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டம் பெற்றோருக்குக் கூடுதலாக 20,000 இடங்களும் உண்டு. அவ்விசா பெறுவோரில் எழுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இந்தியர். அந்த இந்தியர் யார்? அமெரிக்கவாழ் இந்தியர்களுள் தலித்துகளும் பிற ஒடுக்கப்பட்ட சாதியினரும் சேர்ந்து 1.5 விழுக்காடு மட்டுமே எனப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் 2003ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது செவிலியர் பணி. தீட்டுக்கு அஞ்சி ஆதிக்கச் சாதியினர் ஒதுக்கிய இப்பணியைக் கேரளக் கிறித்தவப் பெண்கள் ஏற்றனர். வெளிநாட்டுத் தேவை பெருகியதும் அதன் மதிப்பும் உயர்ந்தது. தரகர்களின் சுரண்டல் வெளிப்பட்டபோது, முன் அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கான செவிலியர் ஆள்சேர்ப்பு அரசு முகமைகள் வழியாகவே நடக்க வேண்டும் என 2015இல் ஒன்றிய அரசு ஆணையிட்டது. ஆக, அரசு நினைத்தால் பாதுகாப்பு தர முடியும்.

கட்டடத் தொழிலாளருக்கோ, பாதுகாப்பின் பெயரால் அடையாளமே சுமத்தப்படுகிறது. முன் அனுமதி தேவைப்படுவோருக்கு ஆரஞ்சு நிறக் கடவுச்சீட்டு வழங்கப்போவதாக 2018 ஜனவரியில் அரசு அறிவித்தது. இரண்டாந்தரக் குடிமக்களாக்கும் செயல் என எதிர்ப்பு எழுந்ததும் அம்மாதமே கைவிட்டது. முகவர் பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு வரி நீங்கலாக 30,000 ரூபாய். நடைமுறையில் அதைப்போல் பல மடங்கைக் கடனாக வாங்கிக் கொடுத்துவிட்டே தொழிலாளர் விமானம் ஏறுகின்றனர்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. பட்டறிவால் பெற்ற திறனைச் சோதித்துச் சான்று வழங்கும் ஏற்பாடு திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் ஏற்கெனவே உள்ளது. அது கட்டுமானத் தளங்களுக்கும் சேரிகளுக்கும் செல்ல வேண்டும். செவிலியருக்கான அரசுவழி ஆள்சேர்ப்பு கொத்தனாருக்கும் கிடைக்க வேண்டும். நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு வெறும் 125 இடங்களே கொண்ட தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை பன்மடங்கு விரிய வேண்டும்.

அயல்நாட்டின் வானுயர்ந்த கட்டடங்களை எழுப்பும் கைகளைத் ‘திறனற்றவை’ என எழுதும் ஏடுதான் திருத்தப்பட வேண்டியது; அந்தக் கைகள் அல்ல.