கட்டைவிரல் நகம் சதையில் இறங்கினால்

கால் கட்டைவிரலின் ஓரத்தில் வலி. போர்வை உரசினாலே சுரீர் என்கிறது. கூட்டப் பேருந்தில் யாராவது மிதித்துவிட்டால் உயிர் போய் உயிர் வருகிறது. குனிந்து பார்த்தால் நகத்தின் ஒரு பக்கத்துச் சதை சிவந்து தடித்திருக்கிறது. வீட்டில் காட்டினால் “நகச்சுத்திதான், எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கோ” என்பார்கள். மருந்துக்கடையில் காட்டினால் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை எண்ணிக் கொடுப்பார்கள். இரண்டிலும் வலி கொஞ்சம் அடங்கும். ஒன்றிரண்டு மாதத்தில் அதே விரல், அதே ஓரம், அதே வலி. ஏனென்றால் எலுமிச்சையும் மாத்திரையும் வீங்கிய சதையைத்தான் கவனிக்கின்றன. அந்த வீக்கத்தை உண்டாக்கிய நகத்தின் ஓரம் உள்ளே அப்படியே இருக்கிறது.

கைவிரலில் வரும் நகச்சுத்தி பெரும்பாலும் கிருமித் தொற்று. கால் கட்டைவிரலில் வருவது அநேகமாக வேறு: நகத்தின் ஓரம் பக்கத்துச் சதையைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. உடம்பைப் பொறுத்தவரை அது முள் தைத்ததற்குச் சமம். முள் வெளியே வராமல் புண் ஆறாது. முதலில் சிவப்பு, வீக்கம், அழுத்தினால் வலி. அடுத்து நீர் கசியும், சீழ் வைக்கும். விட்டுவைத்தால் நகக்கண்ணில் செக்கச்செவேலென்று ஈரமான சதை பொங்கி நகத்தின் மேலேயே ஏறிப் படரும்; சாக்ஸ் பட்டாலும் ரத்தம் கசியும். மருத்துவர்களும் ஏறத்தாழ இந்த மூன்று கட்டமாகத்தான் இதைப் பிரிக்கிறார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளக்கூடியது முதல் கட்டம் மட்டுமே. சீழ் வைத்துவிட்டால் ஒரு தடவையாவது மருத்துவர் பார்க்க வேண்டும். சதை பொங்கிவிட்டதென்றால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

இது வருவதற்கு முதல் காரணம் நாம் நகம் வெட்டும் விதம். விரலின் வளைவுக்கேற்ப வட்டமாக வெட்டுகிறோம். மூலையில் மிச்சமிருப்பது உறுத்தினால் பிளேடு முனையையோ ஊக்கையோ விட்டு நெம்புகிறோம். வெட்டியது போக ஆழத்தில் ஒரு சிலாம்பு நின்றுவிடும், கண்ணுக்குத் தெரியாது. கால் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் வளர்கிறது. சில வாரங்களில் அந்தச் சிலாம்பு முன்னால் நகர்ந்து சதையில் ஏறும். போன தடவை வெட்டியதும் சுகமாக இருந்ததே என்று மறுபடி வெட்டுவோம், முன்னைவிட ஆழமாக. இப்படியே வருடக்கணக்கில் தன் விரலுக்குத் தானே அறுவை செய்துகொண்டிருப்பவர்கள் உண்டு.

அடுத்தது ஷூ. முனை குறுகிய ஷூ சதையை நகத்தின் மீது தள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். தொளதொள ஷூவும் கெடுதல்தான். ‘வளர்ற பிள்ளை’ என்று ஜூன் மாதம் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிக் கொடுக்கிறோம். ஓடும்போது கால் முன்னால் சறுக்கி, நகம் ஷூ முனையில் மோதிக்கொண்டே இருக்கும். கல்வியாண்டு முடிவதற்குள் அதே ஷூ இறுகிவிடும். உள்ளே நைலான் சாக்ஸ், நாள் முழுக்க வேர்வை, ஊறி மெத்தென்றாகிப்போன தோல். பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் இந்தத் தொல்லை அதிகம் தென்படுவதில் வியப்பில்லை. பந்து உதைத்து நகத்தில் அடிபட்டவர்களுக்கும், பிறவியிலேயே நகம் அதிகம் வளைந்தவர்களுக்கும் வரும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நகக்கண்ணில் சதை பொங்குவது அந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு. ஆகவே விரலைக் காட்டப் போகும்போது பருவுக்குச் சாப்பிடும் மாத்திரையையும் சொல்லுங்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பேசாமல் இருந்துவிட வேண்டாம்.

முதல் கட்டத்தில் வீட்டில் என்ன செய்வது? வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தைக் கால் மணி நேரம் வைத்திருங்கள், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. உப்பு போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி; நகத்தையும் தோலையும் இளக்குவது தண்ணீர்தான். துடைத்துவிட்டு, வலிக்கும் பக்கத்துச் சதையை நகத்திலிருந்து விலக்கினாற்போல் மெதுவாக நீவிவிடுங்கள். பிறகு துளிப் பஞ்சைப் பிய்த்து நூலளவு மெலிதாகத் திரியுங்கள். அரை சென்டிமீட்டர் நீளம் போதும். நகத்தின் வெளி மூலையை லேசாகத் தூக்கி அதன் அடியில் திரியைச் சாய்வாக நுழையுங்கள். கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். ஆனால் தாங்க முடியாமல் குத்தினால் அதோடு நிறுத்திவிடுங்கள். தினமும் குளித்தபின் பழைய திரியை எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். நாள்கணக்கில் மாற்றாமல் விட்ட பஞ்சே அழுக்கும் ஈரமும் சேர்ந்து புண்ணாக்கிவிடும்.

பஞ்சு நிற்கவில்லை என்றால் பிளாஸ்திரி இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையை வலிக்கும் பக்கத்துச் சதையில், நகத்தைத் தொடாமல் ஒட்டுங்கள். சதையை நகத்திலிருந்து வெளியே இழுத்துப் பிடித்தபடியே விரலின் அடிப்பக்கமாகச் சாய்வாகக் கொண்டுபோய் மறுபக்கம் ஒட்டிவிடுங்கள். விரலைச் சுற்றி வளையமாக இறுக்கக் கூடாது, ரத்த ஓட்டம் தடைபடும். சரியாக ஒட்டியிருந்தால் நகத்துக்கும் சதைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரியும். இவ்வளவு எளிய வேலையை நம் மருந்துக்கடைகளில் யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் வருத்தம்.

வலி அதிகமிருந்தால் பாராசிட்டமால். ஷூவுக்குப் பதில் முன்பக்கம் திறந்த செருப்பு. நகத்தின் முனை சதையைத் தாண்டி வெளியே வளரும்வரை பஞ்சோ பிளாஸ்திரியோ வேண்டும். அதற்குப் பல வாரங்கள் ஆகலாம். ஆனால் பலன் இருக்கிறதா என்பது சில நாட்களிலேயே தெரிந்துவிடும். ஒரு வாரத்தில் வலி குறையவில்லை என்றால் இந்த வழி உங்களுக்கு உதவவில்லை என்று அர்த்தம்.

எலுமிச்சை, விரலைச் சில்லென்று மூடியிருப்பதால் சற்று இதமாக இருக்கும். அதற்குமேல் எதுவும் செய்யாது. புண் திறந்திருந்தால் எரிச்சல்தான். மஞ்சளோடு சுண்ணாம்பு குழைத்துப் போடுவது வேண்டவே வேண்டாம், சுண்ணாம்பு தோலை அரித்துவிடும். நகத்தின் நடுவில் ‘வி’ போலக் கீறிவிட்டால் ஓரங்கள் நடுவை நோக்கி இழுபடும் என்றும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நகம் வளர்வது தோலுக்கு அடியிலிருக்கும் வேரிலிருந்து. முனையில் எதைக் கீறினாலும் அது வளரும் விதம் மாறாது.

இதுவரை சொன்ன வீட்டு வைத்தியம் எதுவுமே சர்க்கரை நோயாளிகளுக்கு இல்லை. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு கணக்கிட்டது. ஆகவே இதைப் படிக்கும் வீடுகள் பலவற்றில் ஒருவராவது இருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நாள்பட்ட சர்க்கரையில் காலின் நரம்புகள் உணர்விழக்கும். தண்ணீர் கொதிக்கிறதா, இதமாக இருக்கிறதா என்று கால் சொல்லாது. வெந்நீரில் வைத்துக் கொப்புளம் போட்டபின்தான் தெரியும். வலி இல்லாததால் சீழ் வைத்ததும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் நகக்கண்ணில் தொடங்கிய சிறு புண் விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகக்கூடும். இவர்கள் முதல் நாளே மருத்துவரிடம் போக வேண்டும். நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும் பீடி, சிகரெட்காரர்களும், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களும், நீண்ட நாளாக ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களும் அப்படியே. மற்றவர்களும் சிவப்பு விரலைத் தாண்டிப் பாதத்துக்குப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விரல் கறுத்தாலோ அன்றே போய்விட வேண்டும்.

யாரிடம் போவது? பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பாதத்துக்கென்றே தனிப் படிப்பு படித்த நிபுணர்கள் ஊருக்கு ஊர் உண்டு. நம்மூரில் அப்படி மிகச் சிலரே. பொது அறுவை சிகிச்சை மருத்துவர், தோல் மருத்துவர் இருவரில் யாரிடமும் காட்டலாம். அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவிலும் இதைச் செய்வார்கள். சர்க்கரை நோயாளிகள் பாதப் பிரிவு இருக்கும் இடத்தைத் தேடிப் போவது மேல்.

போனதும் கத்திதான் என்று பயப்பட வேண்டாம். ஆரம்ப நிலையில், சலைன் ஏற்றும் மெல்லிய குழாயில் ஒரு துண்டு வெட்டி, நீளவாக்கில் பிளந்து, நகத்தின் ஓரத்தில் உறைபோல் மாட்டிவிடும் முறை ஒன்று உண்டு. சதைக்கும் நகத்துக்கும் நடுவே குழாய் நிற்பதால் நகம் குத்தாமல் வளர்ந்து வெளியே வந்துவிடும். செலவும் சொற்பம்.

அறுவை தேவைப்பட்டால் நீங்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: “முழு நகத்தையும் எடுக்கப் போகிறீர்களா, ஓரத்தை மட்டுமா?” ‘நகத்தைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது’ என்று முழு நகத்தையும் எடுத்துவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வேர் அப்படியே இருப்பதால் நகம் திரும்ப வளரும்; கட்டைவிரல் நகம் முழுதாக வர ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு ஆகும். அதுவரை நகத்தின் அழுத்தம் இல்லாததால் விரல்நுனிச் சதை மேலெழும்பி, வளர்ந்து வரும் நகத்துக்குக் குறுக்கே நிற்கும். பழைய கதை புதிதாகத் தொடங்கும். ஓரத்தை மட்டும் எடுத்து வேரைத் தொடாமல் விட்டாலும் பலருக்குத் திரும்பி வருகிறது.

ஓரத்தை எடுத்துவிட்டு, அந்த ஓரத்தின் வேரை மட்டும் ஃபீனால் வைத்துச் சுட்டுவிடுவதுதான் நன்கு தேறிய முறை. 1945-ல் போல் என்பவர் எழுதிவைத்தது. ஃபீனால் வேறொன்றும் இல்லை, கார்பாலிக் சோப்பில் வாசம் வீசுமே, அந்தக் கார்பாலிக் அமிலம்தான். ஆய்வுகளை ஒன்றுதிரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2012-ல் வெளியிட்ட தொகுப்பும் நகத்தின் ஓரத்தை எடுப்பதோடு ஃபீனாலும் சேரும்போது மறுபடி வருவது குறைகிறது என்றே சொல்கிறது. அறுவைக்குப் பின் ஆன்டிபயாட்டிக் கொடுத்ததால் தொற்று குறைந்ததாக அதில் தெளிவாகத் தெரியவில்லை.

நடப்பது இவ்வளவுதான். விரலின் அடியில் இரு பக்கமும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். உண்மையில் வலிப்பது அந்த ஊசி மட்டும்தான். ஐந்து பத்து நிமிடம் கழித்து, ரத்தம் வராமலிருக்க விரலின் அடியில் ரப்பர் பட்டையைக் கட்டுவார்கள். ரத்தம் கலந்தால் ஃபீனால் நீர்த்துப்போகும். நகத்தின் ஓரத்திலிருந்து சில மில்லிமீட்டர் அகலத்தில் வேர்வரை நீளவாக்கில் பிளந்து, இடுக்கியால் பிடித்து உருவுவார்கள். வெளியே வருவதைப் பார்த்தால் ‘இவ்வளவு நீளமா உள்ளே இருந்தது’ என்று தோன்றும். பஞ்சுக்குச்சியை ஃபீனாலில் தோய்த்து அந்தக் குழியில் சில நிமிடம் தேய்த்து, கழுவி, கட்டுப் போடுவார்கள். அரை மணி நேர வேலை. நடந்தே வீட்டுக்குப் போகலாம், வண்டியை மட்டும் வேறொருவர் ஓட்டட்டும். அன்று பாதத்தை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தால் வலி குறையும்.

இரண்டிலிருந்து நான்கு வாரம் நீர் கசியும். ஃபீனால் சுட்ட புண் அப்படித்தான் ஆறும்; அதைச் சீழ் என்று நினைத்துக் கலங்க வேண்டாம். வலி கூடிக்கொண்டே போனால், சிவப்பு பரவினால் திரும்பக் காட்டுங்கள். புதிதாக வரும் நகம் முன்னைவிடக் கொஞ்சம் அகலம் குறைந்திருக்கும். அதை நேராக வெட்டுங்கள். மூலை இரண்டும் சதைக்கு வெளியே தெரிய வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஆறாத புண்ணை இன்னொரு கோணத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். இளம்பிள்ளைகளுக்கு நகத்தடியில் எலும்பு முளைத்து நகத்தைத் தூக்குவதுண்டு. ஓர் எக்ஸ்ரே போதும். அபூர்வமாக, நகத்தடியில் வரும் மெலனோமா என்ற புற்றுநோயும் இதுபோலவே தோன்றும். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது அதுதான். 1977-ல் கண்டறிந்தார்கள், 1981-ல் இறந்தார். நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு தெரிந்தாலும், பொங்கிய சதை மாதக்கணக்கில் அப்படியே இருந்தாலும் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைக்கு அறுவை என்றால் கோடை விடுமுறையில் செய்துகொள்வது வசதி. அதுவரை பொறுக்காதென்றால், மூன்று வாரத்துக்குச் செருப்போடு வர அனுமதி கேட்டு மருத்துவரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விரலில் கட்டோடு வந்த பிள்ளையையும் ஷூ எங்கே என்று வாசலில் நிறுத்தும் பள்ளிகள் இருக்கின்றன.