மலைநாட்டில் மாணவர் யாத்திரை

கோடை விடுமுறையைத் தேச சேவையில் கழிக்க வேண்டுமென்று கலாசாலை மாணவர்களுக்கு உபதேசம் செய்யாத பிரசங்கி நம் நாட்டில் இல்லை. அவ்வுபதேசத்தைக் கால்நடையாகவே நடத்திக் காட்டிய உத்தராகண்ட வாலிபர்களின் விருத்தாந்தம் நம்மவரிடையே போதிய அளவு பரவியதாகத் தோன்றவில்லை. ஆகையால் இன்று அதனை நேயர்களுக்கு எடுத்துரைக்கத் துணிகிறோம்.

1974-ஆம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி, நேபாள எல்லையை அடுத்த அஸ்கோட் என்னும் ஊரிலிருந்து சில வாலிபர்கள் புறப்பட்டார்கள். ஸ்ரீ சுந்தர்லால் பகுகுணாவின் தூண்டுதலால் எழுந்த யாத்திரை அது. சேகர் பாடக், சம்ஷேர் சிங் பிஷ்ட், குன்வர் பிரசூன், பிரதாப் சிகர் ஆகியோர் அதில் நடந்தார்கள். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, மார்ச் 26-ந் தேதி, ரேணி கிராமத்தில் கௌரா தேவி தலைமையில் ஸ்திரீகள் திரண்டு குத்தகைக்காரரின் கோடாலியைத் தடுத்து நிறுத்தியிருந்தனர். இமாசல எல்லையிலுள்ள ஆராகோட் வரையில் மலையேறி இறங்கிச் செல்வதென்பது வாலிபர்களின் சங்கற்பம். கையில் காசு வைத்துக்கொள்வதில்லை. கிராமவாசிகள் இட்டதை உண்டு, அவர்கள் காட்டிய இடத்தில் படுப்பது என்பது நியமம். இந்நியமத்தின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பணம் கொடுத்துச் சோறு வாங்குகிறவன் சத்திரத்தைத்தான் காண்பான். அடுப்பங்கரையில் உட்கார்ந்து உண்பவனுக்கே விறகு எவ்வளவு தூரத்திலிருந்து வந்ததென்பது தெரியும்.

அதன் பின் பத்து வருஷங்களுக்கொரு முறை அதே தேதியில், பெரும்பாலும் அதே வழியில், யாத்திரை நடந்து வருகிறது. 2024-இல் நடந்தது ஆறாவது. ஒரே பாதையை ஐம்பது வருஷங்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்து எழுதிய குறிப்பு எத்துணை அருமையானது! ஒற்றையடிப் பாதை இருந்த இடத்தில் மோட்டார் சாலை வந்ததும், சாலை வந்த பின்னும் ஜனங்கள் ஊரைவிட்டுப் போனதும் இத்தகைய குறிப்புகளால் அன்றி விளங்கா. 2011-க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் ஆளற்றுப் போனதாக அந்த ராஜ்யத்தின் குடிபெயர்ச்சிக் கமிஷன் 2018-இல் அறிவித்தது. ஊரே இல்லாத இடத்தில் காட்டைக் காப்பவர் யார்?

இக்கேள்விக்குப் பழைய சரித்திரம் ஒன்றுண்டு. ஆங்கில அரசாங்கம் குமாவூன் காடுகளை ஒதுக்கி வைத்து, ஜனங்களின் புல், விறகு பாத்தியதைகளைப் பறித்தது. 1921 ஜனவரியில் பாகேசுவரத்தில் கூடிய ஜனங்கள் கட்டாய வேலைப் பதிவேடுகளை ஸரயூ நதியில் எறிந்தார்கள். அவ்வருஷக் கோடையில் ஒதுக்கப்பட்ட காடுகள் பற்றி எரிந்தன. குறைகளை விசாரிக்கக் கமிட்டி நியமிக்கப்பட்டது; 1931-இல் வனப் பஞ்சாயத்து விதிகள் பிறந்தன. அவ்வித பஞ்சாயத்துகள் இன்று பதினாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஆயினும் 1976, 2001-ஆம் வருஷத்து விதிகள் வன இலாகாவின் கையையே ஓங்கச் செய்தன. சுயராஜ்யம் வந்த பிறகும் கிராமத்தான் தன் காட்டில் அனுமதிக்குக் காத்து நிற்பது நமக்கு உவப்பான காட்சியன்று.

மாணவர்கள் கோடையில் போவதற்கு விடுமுறை மட்டும் காரணமன்று. மழைக்கு முந்திய அம்மாதங்களில்தான் ஊற்றுகள் மிகவும் ஒடுங்கும். பைன் மரத்தின் பிசினேறிய ஊசியிலைகள் உலர்ந்து மெத்தைபோல் கிடந்து, ஒரு பொறிக்குக் காத்திருக்கும். 2024 ஜூன் 13-ந் தேதி பின்ஸர் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற நால்வர் கருகி மாண்டனர். இமயப் பிரதேசத்து ஊற்றுகளில் ஏறக்குறையப் பாதி வற்றி வருவதாக நீதி ஆயோக் 2018-இல் எச்சரித்திருக்கிறது. பாஞ்ஜ் என்னும் ஓக் மரக்காடு ஈரத்தைப் பிடித்து வைக்கும். மாட்டுக்குத் தழையும் நிலத்துக்கு எருவும் தரும். அது குறைந்து பைன் பெருகிய சரிவில் தீக்கு வழி எளிதாகிறது.

இதனை அளக்க விலையுயர்ந்த யந்திரங்கள் வேண்டுவதில்லை. ஒரு வாளியும் ஒரு கடிகாரமும் போதும். பத்து லிட்டர் வாளி இரண்டு நிமிஷத்தில் நிறைந்தால், நாளொன்றுக்கு 7,200 லிட்டர். அறுபது குடும்பங்கள் இருந்தால் குடும்பத்துக்கு 120 லிட்டர், மாடுகளுக்கும் அதிலேயேதான். வருஷந்தோறும் அதே வாரத்தில் அதே ஊற்றில் அளந்து எழுதினால், பருவம் மாறுகிறதென்ற பேச்சு அக்கிராமத்துக்குச் சொந்தமான கணக்காகிவிடும்.

ஆனால் யாரிடம் கேட்பது? தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம் வினாத்தாளை நிரப்பிக்கொண்டு திரும்பும் மாணவனுக்குக் காடு பற்றி ஒன்றும் தெரியாது. ஆண்களில் பலர் சமவெளியில் கூலிக்கும் பட்டாளத்துக்கும் போய்விட்டார்கள். விடியுமுன் அரிவாளுடன் சரிவேறுகிறவள் ஸ்திரீ; எந்த ஊற்று எந்த வருஷம் நின்றதென்பது அவளுக்கே தெரியும். அவளோ பகலில் வீட்டில் இராள். அவளுடன் ஏறி நடக்க மனமில்லாதவர் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நாம் கண்டிப்பாகவே சொல்வோம்.

மற்றொரு குறை எல்லாவற்றிலும் பெரிது. கிராமத்தார் நாள் முழுவதும் வேலை கெட்டுச் சொன்ன விஷயங்கள் ஆங்கில அறிக்கையாகிக் கலாசாலை அலமாரியில் தூங்குகின்றன. சொன்னவர்களுக்கு அதில் ஓர் ஏடும் போய்ச் சேருவதில்லை. தம் காட்டில் கணக்கெடுத்த மரக்கன்றுகளின் தொகையைப் பஞ்சாயத்தார் கையில் வைத்திருந்தால், அதிகாரிகளிடம் வாதாட அது ஆயுதமாகும். ஆகையால் ஆராய்ச்சிக்குப் பட்டம் கொடுக்குமுன், அவ்வறிக்கை கிராம சபையில், அவ்வூர் பாஷையில், ஸ்திரீகள் வந்திருக்கும் வேளையில் படிக்கப்பட்டதா என்று சர்வகலாசாலைகள் கேட்க வேண்டும். கிராமத்தார் திருத்தம் சொன்னால் அதையும் சேர்த்து அச்சிட வேண்டும். வழக்கப்படி அடுத்த யாத்திரை 2034 மே 25-ந் தேதி தொடங்கும். அன்று புறப்படப் போகிறவர்கள் இன்று பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.